மின்னஞ்சல் ஹெடரைப் பிரிப்பதும் எழுதுவதும்: நிரலாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளிக் கட்டணம் வசூலிக்கும் மென்பொருள் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். பெற்றோருக்கு மாதாமாதம் ரசீது மடல் போகும். ஜனவரி மடலின் தலைப்பில் ‘கட்டண’ என்ற சொல்லின் ண காணாமல் போய், அந்த இடத்தில் வைரக்கட்டத்துக்குள் கேள்விக்குறிகள் வந்து நின்றன. பிப்ரவரியில் அதே சொல்லின் முதல் ட போனது. மார்ச்சில் இரண்டாவது ட. மாதத்துக்கு ஓர் எழுத்தாக எலி கொறிப்பதுபோல இருந்தது. நாங்கள் சோதித்தபோதெல்லாம் ‘வணக்கம்’ என்று தலைப்பிட்டுத்தான் அனுப்பிப் பார்த்தோம். அது ஒருநாளும் உடையவில்லை.

காரணம் வெறும் கூட்டல் கணக்கு. அதைப் படி 7-இல் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் அந்தப் பிழையைத் தேடிப் போனபோது ஒன்று புரிந்தது: ஹெடர் (மடலின் உடலுக்கு முன்னால் வரும் அனுப்புநர், தலைப்பு, தேதி போன்ற வரிகள்) வேலையில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசைத் தவறுகள். படிக்கும்போது முதலில் பைட், அப்புறம் வரி, அப்புறம் அமைப்பு, கடைசியில்தான் எழுத்து. எழுதும்போது இதே வரிசை தலைகீழ். இதில் ஒரு படியை முன்பின் மாற்றினால் எங்காவது உடையும்.

ஒரு குறிப்பு: ஹெடர் பெயர்களும் குறிகளும் நிஜ மடலில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே சப்ஜெக்ட், ஃப்ரம், டேட் என்று தமிழில் எழுதுகிறேன். நிரல் உதாரணங்களுக்குப் பைத்தானை எடுத்துக்கொள்கிறேன். விதிகள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

படி 1: பைட்டாகவே படியுங்கள்

மடலை வாங்கியவுடன் சரமாக மாற்றிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். மடல் என்பது பைட்டுகளின் வரிசை. எந்தப் பகுதி எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்பது உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். கோப்பைத் திறப்பதாக இருந்தாலும் பைனரியாகவே திறக்கவும்.

ஹெடர் எங்கே முடிகிறது? முதல் வெற்று வரியில். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மடலின் உடல். விதிப்படி ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளில் முடிய வேண்டும். யுனிக்ஸ் கோப்பில் சேமித்த மடலில் 10 மட்டும் இருக்கும். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பல மடல்களை ஒரே கோப்பில் அடுக்கும் எம்பாக்ஸ் வடிவத்தில், ஒவ்வொரு மடலுக்கும் முன்னால் ‘ஃப்ரம்’ என்று தொடங்கி, அதை அடுத்து முக்காற்புள்ளி இல்லாமல் ஸ்பேஸ் வரும் ஒரு வரி இருக்கும். அது ஹெடர் இல்லை, இரண்டு மடலுக்கு நடுவிலுள்ள வேலி. அதை அனுப்புநர் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

படி 2: மடித்த வரியை விரியுங்கள்

இணையத்தின் விதிகளை ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளியிடுகிறார்கள். மடலுக்கு இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் விதிப்புத்தகம் 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5322. அதன் பாட்டன் 1982-இன் ஆர்எஃப்சி 822. நடுவில் 2001-இல் ஆர்எஃப்சி 2822. வரி முடிவை நீக்கிவிட்டு எண்ணினால் ஒரு வரியில் 998 எழுத்துக்கு மேல் கூடவே கூடாது, 78-க்குள் இருந்தால் நல்லது என்கிறது அது. அதனால் நீண்ட ஹெடரை மடித்து எழுதுவார்கள்: வரியை முடித்து, அடுத்த வரியை ஒரு ஸ்பேஸ் அல்லது டேப் கொண்டு தொடங்குவார்கள். வெற்றிடத்தில் தொடங்கும் வரி எதுவானாலும் அது முந்தைய வரியின் தொடர்ச்சி.

விரிக்கும்போது வரி முடிவை மட்டும் எடுக்க வேண்டும். அதைத் தொடர்ந்த ஸ்பேஸ் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வரியையும் இருபுறமும் சுரண்டி எடுத்து ஒட்டினால் இரண்டு சொற்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

படி 3: பெயர், மதிப்பு, ஆனால் டிக்‌ஷனரி வேண்டாம்

விரித்த வரியில் முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது மதிப்பு. மதிப்புக்குள்ளும் முக்காற்புள்ளி வரலாம் என்பதால் முதலாவதில் மட்டும் வெட்டுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது.

அடுத்து எல்லோரும் செய்வது, இதைத் தூக்கி ஒரு டிக்‌ஷனரியில் போடுவது. ரிசீவ்ட் ஹெடர் இதனாலேயே பாழாகிறது. மடல் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் தன் ரிசீவ்ட் வரியை மேலே சேர்க்கும். ஆகவே பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். டிக்‌ஷனரியில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும், வரிசையும் போய்விடும். பெயர்–மதிப்பு ஜோடிகளை வந்த வரிசையிலேயே ஒரு பட்டியலில் வையுங்கள். பெயரைக் கொண்டு தேட மேலே ஒரு சின்னச் செயல்கூறு போதும்.

கட்டாயமாக இருக்க வேண்டியவை ஃப்ரம், டேட் இரண்டே. இவையும் சப்ஜெக்ட், டு, மெசேஜ்-ஐடி போன்றவையும் ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது. வந்தால்? இரண்டு ஃப்ரம் இருக்கும் மடலைச் சந்தேகத்தோடு பாருங்கள். வடிகட்டி முதலாவதைப் படித்து, மடல் செயலி இரண்டாவதைக் காட்டினால் அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரன் நுழைகிறான்.

படி 4: முகவரியைத் துண்டாக்குங்கள், இன்னும் டிகோட் செய்யாதீர்கள்

சப்ஜெக்ட் போன்றவை அமைப்பில்லாத ஹெடர்கள். ஃப்ரம், டு, சிசி அப்படியல்ல. அவற்றுக்கு இலக்கணம் உண்டு. கோண அடைப்புக்குள் முகவரி, அதற்கு முன்னால் காட்டும் பெயர், நடுநடுவே காற்புள்ளி.

காற்புள்ளியில் வெட்டினால் ஆயிற்று என்று தோன்றும். "கண்ணன், மு." என்று மேற்கோளுக்குள் எழுதிய ஒருவர் வந்ததும் அந்த எண்ணம் கலைந்துவிடும். ஒரு பெற்றோர் இரண்டு பெற்றோர் ஆகிவிடுவார், ‘மு.’ என்பவருக்கு மடல் போகாது. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஆட்களுக்கு இது அன்றாடச் சிக்கல். புள்ளியிலும் சிக்கல் உண்டு: மேற்கோள் இல்லாமல் பெயரில் புள்ளி வைப்பது கண்டிப்பான இலக்கணப்படி தவறு, ஆனால் ‘பழைய வழக்கம்’ என்ற கணக்கில் படிப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. நீங்கள் எழுதும்போது மேற்கோள் போடுங்கள், படிக்கும்போது பெருந்தன்மையாக இருங்கள்.

எழுத்தெழுத்தாக நகரும் ஒரு சின்ன ஸ்கேனர் எழுதுவதே வழி. ரெகுலர் எக்ஸ்பிரஷனை நம்பாதீர்கள், ஏனென்றால் வட்ட அடைப்புக்குள் வரும் கருத்துரை ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கும் போகலாம். ஸ்கேனர் நினைவில் வைக்க வேண்டியவை: மேற்கோளுக்குள் இருக்கிறோமா, எத்தனை அடுக்கு வட்ட அடைப்புக்குள் இருக்கிறோம், கோண அடைப்புக்குள் இருக்கிறோமா, முந்தைய எழுத்து பின்சாய்கோடா. இவை எதற்குள்ளும் இல்லாதபோது வரும் காற்புள்ளிதான் நிஜமான பிரிப்பு. கூடவே குழு என்று ஒன்றும் உண்டு: பெயர், முக்காற்புள்ளி, முகவரிகள், அரைப்புள்ளி. பெறுநர்களை மறைத்து அனுப்பிய மடலில் உள்ளே ஒரு முகவரிகூட இல்லாத வெறும் குழுவைப் பார்த்திருப்பீர்கள். பட்டியல் காலியாக வந்தால் நிரல் விழுந்துவிடக் கூடாது.

சரி, டிகோட் செய்வதை ஏன் தள்ளிப்போட வேண்டும்? ஒருவர் தன் பெயரை என்கோட் செய்து அனுப்புகிறார். அதற்குள் காற்புள்ளியும் கோண அடைப்பும், உங்கள் தலைமை ஆசிரியரின் முகவரியும் ஒளிந்திருக்கின்றன. முதலில் டிகோட் செய்தால் ஒளிந்திருந்தவை வெளியே வந்து இலக்கணக் குறிகளாகிவிடும். அப்புறம் பிரித்தால் தலைமை ஆசிரியரே அனுப்பியதுபோல் ஆகும். முதலில் பிரித்துவிட்டால் அவை வெறும் பெயரின் எழுத்துகள், அவ்வளவே.

இந்த இடத்தில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். பைத்தானின் பழைய முகவரிச் செயல்கூறுகள் சில விசித்திரச் சரங்களில் தவறான பகுதியை முகவரி என்று திருப்பித் தந்தன. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-27043 என்று பதிவான அந்தக் குறைக்குப் பிறகு, பைத்தான் 3.13-இல் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற அளவுரு வந்தது, இயல்பாகவே இயங்கு நிலையில்.

படி 5: இப்போது டிகோட்

ஹெடருக்குள் ஆஸ்கி அல்லாத எழுத்தை நுழைக்கும் வழி 1996-இன் ஆர்எஃப்சி 2047. அப்படி நுழைக்கும் ஒவ்வொரு துண்டும் ஓர் ‘என்கோட் சொல்’. வடிவம் இப்படி:

=?யுடிஎஃப்-8?பி?……?=

முதலில் எழுத்துமுறை, பிறகு பி அல்லது கியூ, பிறகு உள்ளடக்கம். பி என்றால் பேஸ்64. கியூ என்றால் ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு இரண்டு பதினாறடிமான இலக்கமாக வரும். அதில் அடிக்கோடு இருந்தால் அது ஸ்பேஸ்.

இங்கே ஒரு விதி முக்கியம்: இரண்டு என்கோட் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவிலுள்ள வெற்றிடம் கணக்கில் இல்லை. ஓர் என்கோட் சொல்லுக்கும் சாதாரணச் சொல்லுக்கும் நடுவே வருவது நிஜ இடைவெளி. இதைக் கவனிக்காத நிரல் ‘கொ’ என்ற எழுத்தின் நடுவே இடைவெளி விட்டு, துணைக்குறியைப் புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்க வைக்கும்.

விதிப்படி ஒவ்வொரு என்கோட் சொல்லும் தனியாகவே டிகோட் ஆக வேண்டும். ஆனால் எங்கள் பழைய மென்பொருள்போல எழுத்தை நடுவில் வெட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஒரே எழுத்துமுறையில் அடுத்தடுத்து வரும் சொற்களின் பைட்டுகளை முதலில் ஒட்டி, பிறகு ஒரே தடவையில் எழுத்தாக மாற்றுங்கள். ஒழுங்கான மடலுக்கு இதனால் பாதகமில்லை, உடைந்த மடல் சரியாகிவிடும். மேற்கோளுக்குள் என்கோட் சொல் வரவே கூடாது என்றும் ஒரு விதி உண்டு, வருகிறது. திரையில் காட்டுவதற்காக மட்டும் டிகோட் செய்துகொள்ளுங்கள்.

எழுத்துமுறையின் பெயர் தெரியாததாக இருந்தால் நிரல் சுருண்டு விழக் கூடாது. மூல வடிவத்தை அப்படியே காட்டுங்கள். பழைய தமிழ் மடல்களைக் காப்பகத்திலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: யூனிகோடுக்கு முன்பு புழங்கிய டிஸ்கி என்ற தமிழ் எழுத்துமுறை, எழுத்துமுறைப் பெயர்களைப் பதியும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் உண்டு. பைத்தானோடு வரும் பட்டியலில் அது இல்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற எழுத்துமுறை மாற்றியில் இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: தேதியும் கோப்புப் பெயரும்

தேதியின் வடிவம் ஃப்ரை, 14 ஜூன் 2024 18:05:00 +0530 என்பதுபோல இருக்கும். கிழமை இல்லாமலும் வரலாம், விநாடி இல்லாமலும் வரலாம், கடைசியில் வட்ட அடைப்பில் மண்டலப் பெயர் கருத்துரையாக ஒட்டியிருக்கலாம். பழைய மடலில் இரண்டு இலக்க ஆண்டு இருந்தால் 00 முதல் 49 வரை 2000-ஐக் கூட்டுங்கள். 50 முதல் 99 வரை 1900-ஐ.

நம்மவர்களைக் கடிப்பது ஐஎஸ்டி. எண் இல்லாமல் வெறும் ஐஎஸ்டி என்று மட்டும் எழுதியிருந்தால் அது இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? விதி அந்தப் பெயரை அங்கீகரிக்கவில்லை. தெரியாத மண்டலம் என்று பொருள்படும் -0000 ஆகக் கொள்ளச் சொல்கிறது. இந்திய மடலில் அது ஐந்தரை மணி நேரப் பிசகு. வேறு வழியில்லாவிட்டால் மேலேயுள்ள ரிசீவ்ட் வரியின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: +0000 வேறு, -0000 வேறு. பைத்தானில் -0000 வந்தால் மண்டலம் இல்லாத தேதிப் பொருள் கிடைக்கும்; அதை மண்டலமுள்ள தேதியோடு ஒப்பிடப் போனால் நிரல் நின்றுவிடும்.

இணைப்புக் கோப்பின் பெயருக்கு ஆர்எஃப்சி 2231 என்று தனி முறை. அளவுருவின் பெயருக்குப் பின் நட்சத்திரக்குறி, எழுத்துமுறை, இரண்டு ஒற்றை மேற்கோள், பிறகு விழுக்காட்டுக் குறியோடு பைட்டுகள். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு) ஒன்பது எழுத்து ஆவதால் சுமாரான பெயரே பல துண்டாகிவிடும். துண்டுகளுக்கு 0, 1, 2 என்று எண் இருக்கும், எண் வரிசையில் சேர்க்க வேண்டும். பலர் இந்த முறையை விட்டுவிட்டு ஆர்எஃப்சி 2047 வடிவத்தையே மேற்கோளுக்குள் திணிக்கிறார்கள், அதையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிடைத்த பெயரைக் கொண்டு அப்படியே கோப்பைச் சேமிக்காதீர்கள். சாய்கோடும் இரட்டைப் புள்ளியும் வைத்து உங்கள் சர்வரில் வேறு இடத்தில் எழுத வைக்க முடியும்.

படி 7: எழுதும் பக்கம், எலி கடித்த கணக்கு

ஓர் என்கோட் சொல் 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அது இருக்கும் வரி 76-ஐத் தாண்டக் கூடாது. சட்டகத்துக்கே 12 எழுத்து போய்விடுகிறது: முன்னால் 10, பின்னால் 2. மிச்சம் 63. பேஸ்64 நான்கு நான்காக வளர்வதால் அதில் 60-ஐத்தான் பயன்படுத்த முடியும், அதாவது 45 பைட்.

தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். எங்கள் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு 45 பைட்டுக்கு ஒரு வெட்டு போட்டது. 45 மூன்றின் மடங்கு, ஆகவே இடைவெளியே இல்லாத தமிழ்ச் சரம் எவ்வளவு நீளமானாலும் ஒழுங்காக வெட்டுப்படும். ‘வணக்கம்’ 7 குறியீடு, 21 பைட், வெட்டே தேவையில்லை. ஆனால் ‘மார்ச் மாதக் கட்டண ரசீது’? மார்ச் 18, ஒரு ஸ்பேஸ் 1, மாதக் 15, இன்னொரு ஸ்பேஸ் 1: ஆக 35. பிறகு க 38-இல் முடிகிறது, ட 41, புள்ளி 44. அடுத்த ட 45-இல் தொடங்கி 47-இல் முடிய வேண்டும். அதன் முதல் பைட் ஒரு சொல்லிலும் மற்ற இரண்டும் அடுத்த சொல்லிலும் போயின. ஜனவரியில் அதே 45-இல் ண நிற்கிறது, பிப்ரவரியில் முதல் ட. வேண்டுமானால் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு இடைவெளிகள் சேர்ந்து மூன்றின் தாளத்தைக் குலைத்துவிட்டன.

சரியாகச் செய்வது இப்படி. முதல் வரியில் சப்ஜெக்ட் என்ற பெயர், முக்காற்புள்ளி, ஸ்பேஸ் எல்லாம் சேர்ந்து 9 எழுத்து பிடிக்கின்றன. 76-இல் அது போக 67, சட்டகம் போக 55, நான்கின் மடங்காக 52. அதாவது முதல் சொல்லில் 39 பைட்தான், 45 இல்லை. 39-ஐத் தாண்டாத சொல் எல்லையைத் தேடினால் 35-இல் இரண்டாவது ஸ்பேஸ் கிடைக்கிறது. அங்கே வெட்டுங்கள், அந்த ஸ்பேஸை முதல் சொல்லுக்குள்ளேயே என்கோட் செய்யுங்கள், வெளியே விட்டால் படி 5-இன் விதிப்படி மறைந்துவிடும். மிச்சமுள்ள ‘கட்டண ரசீது’ 31 பைட், 44 பேஸ்64 எழுத்து, சட்டகத்தோடு 56. வரியின் தொடக்க ஸ்பேஸையும் சேர்த்து 57, தாராளமாக அடங்குகிறது.

சொல் எல்லை கிடைக்காத நீண்ட சொல்லாக இருந்தால் குறியீட்டு எல்லையில் வெட்டலாம், விதி அதை அனுமதிக்கிறது. நான் இன்னும் ஒரு படி மேலே போய், மெய்யையும் அதன் துணைக்குறியையும் பிரிக்காமல் முழு எழுத்து எல்லையில்தான் வெட்டுவேன். எதிர்ப்பக்கம் இருப்பது எவ்வளவு அரைகுறையான செயலி என்று நமக்குத் தெரியாது.

கியூ முறையைத் தமிழுக்குத் தொடாதீர்கள். ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. ‘வணக்கம்’ என்ற ஒற்றைச் சொல் 63 எழுத்து, சட்டகத்தோடு மிகச்சரியாக 75! பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடக்கூட இடமில்லை.

படி 8: வரி முடிவைத் தடுங்கள்

பயனர் நிரப்பும் படிவத்திலிருந்து தலைப்பை எடுக்கிறீர்களா? அதில் ஒரு வரி முடிவை வைத்து, அடுத்த வரியில் பிசிசி என்று எழுதி ஆயிரம் முகவரியைக் கொடுத்தால் உங்கள் சர்வர் வேறொருவனுக்காக மடல் அனுப்பத் தொடங்கிவிடும். மதிப்பில் 13, 10 என்ற பைட்டுகள் இருந்தால் பிழை என்று திருப்பிவிடுங்கள். சத்தமில்லாமல் நீக்குவதைவிட அதுவே மேல், தாக்குதல் நடப்பதாவது பதிவேட்டில் தெரியும். பைத்தானின் புதிய மெசேஜ் பொருள் தானாகவே மறுக்கும். ஆனாலும் மடலை எழுதி வெளியே அனுப்பும் கட்டத்தில் இதே ஓட்டை இருந்து, 2024-இல் சிவிஇ-2024-6923 என்று அடைக்கப்பட்டது. நூலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் நீங்களும் ஒரு தடவை சோதியுங்கள்.

தேதியை எழுதும்போது ஒரு சின்னப் பள்ளம்: லொகேலைத் தமிழுக்கு மாற்றியிருந்தால் பொதுவான தேதிச் செயல்கூறுகள் கிழமையையும் மாதத்தையும் தமிழிலேயே எழுதிவிடும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் டேட் ஹெடரில் ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே செல்லும். மின்னஞ்சலுக்கென்றே உள்ள தேதிச் செயல்கூற்றைப் பயன்படுத்துங்கள்.

படி 9: பைத்தானில் எதைத் தொடுவது

பைத்தானின் ஈமெயில் தொகுப்பில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. எதுவும் சொல்லாமல் பைட்டுகளைக் கொடுத்தால் காம்பாட்32 என்ற பழைய கொள்கை வேலை செய்யும். டிகோட் செய்யாத சரமே கையில் கிடைக்கும். பாலிசி அளவுருவுக்கு டீஃபால்ட் என்பதைக் கொடுத்தால் புதிய உலகம். பெயர் டீஃபால்ட், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்! அதில் டு ஹெடரைக் கேட்டால் முகவரிகளின் பட்டியலும், டேட் ஹெடரைக் கேட்டால் தேதிப் பொருளும் தயாராக இருக்கும்.

சப்ஜெக்டுக்கு இரண்டாவது தடவை மதிப்புக் கொடுத்தால் பழையதை மாற்றாது, இன்னொன்றைச் சேர்க்கப் பார்க்கும். புதிய கொள்கை பிழை காட்டி நிறுத்தும், பழையது சத்தமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் முதலில் அழித்துவிட்டு எழுதுங்கள். கம்பியில் அனுப்பும்போது எஸ்எம்டிபி என்ற கொள்கையைக் கொடுங்கள், 13, 10 வரி முடிவுகள் அப்போதுதான் வரும்.

படி 10: கைமாற்றும் மடலைத் தொடாதீர்கள்

உங்கள் நிரல் மடலைப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடுகிறதா? அப்படியானால் பிரித்து, மறுபடி எழுதி அனுப்பாதீர்கள். மடல் வழியில் மாறவில்லை என்று காட்ட அனுப்பும் சர்வர் போடும் டிகேஐஎம் கையொப்பம் ஹெடர்களின் மேலும் போடப்படுகிறது. அதன் ‘சிம்பிள்’ முறையில் ஒரு மடிப்பு இடம் மாறினாலே கையொப்பம் செல்லாது. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அந்த முறைதான் பொருந்தும். ‘ரிலாக்ஸ்ட்’ முறை மடிப்பையும் கூடுதல் வெற்றிடத்தையும் மன்னிக்கும், ஆனால் நீங்கள் என்கோட் சொல்லை வேறு இடத்தில் வெட்டினால் அதுவும் உடையும். வந்த பைட்டுகளை அப்படியே வைத்திருந்து, உங்கள் ஹெடரை மேலே மட்டும் ஒட்டுங்கள்.

சோதனைக்கு ‘வணக்கம்’ போதாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். என் சோதனைக் கோப்புறையில் இப்போது இருப்பவை: பன்னிரண்டு மாதங்களின் ரசீதுத் தலைப்பும் தனித்தனியாக, காற்புள்ளியும் இனிஷியலும் உள்ள ஒரு பெயர், காலியான குழு, வெறும் ஐஎஸ்டி போட்ட ஒரு தேதி, நடுவெழுத்தில் வெட்டுப்பட்ட அந்த மார்ச் மடல். ஒவ்வொன்றையும் படித்து, எழுதி, மறுபடி படித்து, முதல் விடையும் கடைசி விடையும் ஒன்றா என்று பார்க்கிறேன். அதோடு எழுதிய பைட்டுகளில் எந்த வரியாவது 76-ஐத் தாண்டியிருக்கிறதா என்று எண்ணவும் ஒரு வரி நிரல் இருக்கிறது.